மேட்டாங்காட்டுப் பெண்

சேலத்துச் சமவெளியிலிருந்து தெற்கு நோக்கி வருவோர்க்குக் கீழ்த்திசையில் ஒரு பெருஞ்சுவர் போலக் கொல்லிமலை தோன்றும். நாமக்கல்லிலிருந்து அம்மலையை நோக்கிச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் சேந்தமங்கலம். மலைக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்து, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிச் செல்வர். அவர்கள் கண்ணெல்லாம் மலைமேலேயே இருக்கும். சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் காடுகளை அவர்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

காடு என்றவுடன் மரங்கள் அடர்ந்த வனத்தை எண்ணிவிட வேண்டா. இப்பக்கத்தில் உழுது பயிரிடும் புன்செய் நிலத்திற்கே காடு என்று பெயர். கிணற்றுப் பாய்ச்சல் இல்லாமல் மழை ஒன்றையே நம்பியிருக்கும் மேட்டு நிலம் மேட்டாங்காடு எனப்படும். நிலக்கடலை, சோளம், துவரை, ஆமணக்கு, மரவள்ளி ஆகியவை இங்கு விளையும். ஆடியில் கடலை விதைப்பார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொடியைப் பிடுங்கிக் காய் ஆய்வார்கள். அந்நாட்களில் வீட்டில் எவரும் சும்மா இருப்பதில்லை. கிழவரும் சிறுவரும் காட்டிலேதான் இருப்பர்.

அத்தகைய மேட்டாங்காட்டு வீடு ஒன்றில் வளர்ந்த பெண் ஒருத்தியைப் பற்றியே இங்குச் சொல்லப் போகிறேன். அவள் கற்பனைப் பெண். ஆதலால் அவளுக்குப் பெயர் இடவில்லை. ஆனால் அவளுக்கு நேர்ந்தவை எவையும் கற்பனை அல்ல. 1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இவ்வட்டாரத்து ஏழை உழவர் வீடுகளில் அவை ஆயிரம் பெண்களுக்கு நேர்ந்தன. இதைப் படிக்கும் மாணவியருள் சிலர் தம் பாட்டிமாரிடம் கேட்டால், இதைவிட நன்றாகவே சொல்லக்கூடும்.

சேந்தமங்கலம் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997 சனவரி முதல் நாளில்தான். அவள் வீடு ஊருக்கு வெளியே இரண்டு மைல் தொலைவில், காட்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டு ஏக்கர் நிலம், ஓர் எருமை, நான்கு ஆடு. அவளுக்குக் கீழே இரண்டு தம்பியர். காலையில் சாணம் வாரி, வாசல் தெளித்து, குடத்தில் நீர் சேந்தி வைத்துவிட்டு, வரப்பு வழியாக நடந்து பள்ளிக்குச் செல்வாள். மாலையில் வந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவாள். பாடப் புத்தகத்தை ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே படிக்கும் வழக்கம் அவளுக்கு உண்டு. எட்டாம் வகுப்பில் கணக்கில் அவளை வெல்ல ஆள் இல்லை.

அவ்வாண்டு ஐப்பசியில், ஒரு விடுமுறை நாளில், தாயோடு சேர்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிற்றிலும் இடுப்பிலும் காலையிலிருந்தே வலி. குனிந்து கொடி பிடுங்கியதால் வந்த வலி என்று எண்ணினாள். நண்பகலில் எழுந்து நின்றபோது பாவாடையில் குருதிக் கறையைக் கண்டாள். எங்கோ அடிபட்டுவிட்டது என்று அஞ்சினாள். எங்கே அடி என்று தெரியவில்லை. தாயிடம் சொன்னால் திட்டுவாளோ என்று சிறிது நேரம் வரப்பின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு இதைப் பற்றி முன்கூட்டி எவரும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தாய் வந்து பார்த்தாள். திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவள் இடுப்பில் சுற்றினாள். தாயின் முகத்தில் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருசேரத் தோன்றியதை அவள் பார்த்தாள். அதன் பொருள் அவளுக்கு விளங்கவில்லை.

இங்கே சற்று நின்று, அவளுக்கு யாரும் சொல்லாததை நாம் தெரிந்துகொள்வோம். பெண்குழந்தை 10 வயதிலிருந்து 16 வயதிற்குள் பூப்பெய்துதல் இயல்பு. உடல், பிற்காலத்துத் தாய்மைக்கு வேண்டிய உறுப்புகளைப் பக்குவப்படுத்தத் தொடங்கிவிட்டது என்பதற்கு அஃது ஓர் அடையாளம். தொடங்கிவிட்டது என்று சொன்னேனேயன்றி, முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. எலும்பும் இடுப்பும் குருதியும் முழு வளர்ச்சி பெற இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கருவுறும் சிறுமிக்குக் குருதிச் சோகையும் பேற்றுக்காலத் துன்பமும் மிகுதி. பிறக்கும் குழந்தையும் எடை குறைந்து பிறத்தல் உண்டு. திங்கள்தோறும் வெளிப்படும் குருதியில் தீட்டு எதுவும் இல்லை. கருப்பைக்குள் படிந்த மெல்லிய படலம் வேண்டாததாகிக் கழிவதே அது. இவ்வளவும் மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருந்தன. ஆனால் மேட்டாங்காட்டு வீட்டில் அந்நூல் இல்லை.

செய்தி அன்று மாலையே தாய்மாமன் ஊருக்குப் போயிற்று. மறுநாள் மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டி வந்து, வீட்டின் ஓரத்தில் சிறு குடிசை ஒன்று கட்டினான். அவள் அதற்குள் இருந்தாள். தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய். குடிசை வாயிலில் உலக்கையைக் குறுக்கே வைத்தார்கள், வேப்பிலை செருகினார்கள். அம்மாயி, அதாவது தாயைப் பெற்ற பாட்டி, உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி செய்து, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் இட்டு ஊட்டினாள். காலையில் முட்டை கொடுத்தார்கள். அந்த வீட்டில் முட்டை என்பது சந்தைக்குப் போவது. தின்பதற்கு உரியது அன்று. தம்பியர் இருவரும் கீற்று இடுக்கில் கண் வைத்துப் பார்த்து, தங்களுக்கும் பூப்பு எய்தல் எப்போது வரும் என்று கேட்டதாகச் சொல்லி அம்மாயி பல நாள் சிரித்தாள்.

இவ்வழக்கங்களை முற்றும் மூடத்தனம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. ஆண்டு முழுவதும் சோளச் சோற்றையும் கம்பங்கூழையும் உண்டு, சாணமும் குடமும் சுமந்த ஒரு சிறுமிக்கு, ஒரு பத்து நாளேனும் ஓய்வும் உளுந்தும் எண்ணெயும் முட்டையும் கிடைக்கின்றன. குருதியை இழக்கத் தொடங்கும் உடலுக்கு இரும்புச்சத்தும் புரதமும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நூல் படித்து அறியவில்லை, கண்டு அறிந்தனர். அவர்கள் செய்த பிழை அவ்வுணவைப் பத்து நாளோடு நிறுத்தியது. உடலுக்கு அது திங்கள்தோறும் வேண்டுமே! இக்காலத்தில் பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சிலர் சன்னல் வழியே எறிந்துவிடுகின்றனர் என்று கேள்விப்படுகிறேன். எறிபவர்கள் அந்தக் களியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தீட்டு என்று ஒதுக்கி வைத்தது வேறு. ஐப்பசி மழையில் கீற்றுக் குடிசை ஒழுகிற்று. நள்ளிரவில் நாய் குரைத்தபோது அவள் உலக்கைக்கு இப்புறம் தனியே விழித்திருந்தாள். மூன்றாம் நாள் அவள் உள்ளிருந்தபடியே தாயை அழைத்துக் கேட்டாள்: "அம்மா, அரையாண்டுத் தேர்வு வருகிறதே, நான் பள்ளிக்கூடம் போவது என்றைக்கு?"

தாய் விறகை ஒடித்துக்கொண்டிருந்தாள். விடை சொல்லவில்லை. அம்மாயிதான் சொன்னாள்: "இனி உனக்கு எதற்குக் கண்ணு பள்ளிக்கூடம்? உன் மாமன் சீர் கொண்டு வரப் போகிறான். பேசாமல் களியைத் தின்னு."

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதியது அன்று. அவளுக்கு அறுபது ஆண்டு முற்பட்டு, புதுக்கோட்டையில் ஒரு சிறுமியின் உள்ளத்தில் இதே கேள்வி எழுந்தது. அவர் உழவர் வீட்டுப் பெண் அல்லர். கல்வித் துறையில் இருந்த நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் 1886-இல் பிறந்த மகள். பருவம் எய்திய பெண் பள்ளிக்குப் போதல் கூடாது என்பது அக்கால வழக்கம். ஆகவே அவர் வீட்டிலிருந்தே பயின்று, 1902-இல் மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றார். பின்னர்ப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் பயிலும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு அளித்ததால், 1904-இல் கல்லூரியில் அடி வைத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவர் ஆனபோது, சிறுமியர் மணத்தைத் தடுக்கவேண்டும் என்று அவர் குரல் எழுப்பினார். ஒரு மருத்துவராகப் பேற்றறைகளில் தாம் கண்டதையே அவர் மன்றத்தில் பேசினார்.

சாரதா சட்டம் என வழங்கும் குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அது வயது வரையறுத்தது. 1949-இல் பெண்ணின் வயது 15 ஆயிற்று. ஆனால் மேட்டாங்காட்டு வீட்டில் பிறந்த நாளை எவர் எழுதி வைத்தார்? 'பெரிய மழை பெய்த ஆண்டு', 'வெள்ளைப் பசு ஈன்ற மாதம்' என்று வயதைக் கணக்கிடும் வீட்டில், 14 என்றும் 15 என்றும் சொல்லும் சட்டம் எளிதில் நுழைவதில்லை. பூப்பெய்தியதே அங்கு வயதுச் சான்று.

நம் பெண்ணிடம் திரும்புவோம். பதினோராம் நாள் தெரட்டிச் சீர் நடந்தது. பூப்பு நன்னீராட்டு விழா என்று அழைப்பிதழில் அச்சிடுவது பிற்கால வழக்கம். அன்று எல்லாரும் தெரட்டி என்றே சொன்னார்கள். குடிசையைப் பிரித்து எரித்தார்கள். அவளை நீராட்டி, மாமன் கொண்டுவந்த சேலையை உடுத்தி, மாலையிட்டு மணையில் உட்கார வைத்தார்கள். முதன்முதலாக உடுத்திய சேலை. எழுந்தால் அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவள் அசையாமல் இருந்தாள். "எவ்வளவு அடக்கம்!" என்று உறவினர் புகழ்ந்தார்கள். மாமன் மகன் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அவனுக்கு வயது 24. அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து அத்தைமார் பேசிச் சிரித்தார்கள். அத்தனை பேர் கூடி அவளைக் கொண்டாடிய அந்நாளில், அவளிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை.

ஒரு மூலையில் ஊர்க் கணக்குப்பிள்ளை நோட்டுப் புத்தகம் விரித்து மொய் எழுதினார். மொய் என்பது அன்பளிப்பு என்று நகரத்தார் நினைப்பர். உழவர் வீட்டில் அது கடன். இன்று ஐந்து ரூபாய் வைத்தவர் வீட்டு விழாவுக்கு நாளை ஆறு ரூபாயேனும் வைக்க வேண்டும். கையில் காசு இல்லாத சிற்றூரில், ஒருவர் வீட்டுக்கு வந்த செலவைப் பலரும் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடாகவே அது தோன்றியிருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும், ஏழை வீட்டில் அதனை நம்பி விருந்தைப் பெரிதாக்கிவிடுவார்கள். இங்கும் அவ்வாறே ஆயிற்று.

உறவினர் போன பின், அன்று இரவு, தந்தை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. தாய்க்கும் தெரியாது. அந்த வீட்டில் கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சிமினி விளக்கை அருகில் இழுத்து வைத்து, அவள் தன் சீருக்கு வந்த மொய்யைத் தானே கூட்டினாள். பின்னர் அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஆன செலவைத் தந்தை சொல்லச் சொல்லக் கூட்டினாள். செலவு மிகுந்திருந்தது. இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்தாள். வேறு விடை வரவில்லை.

தந்தை சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின், கூரை இடுக்கிலிருந்து கடலை மண்டிக்காரர் கொடுத்த சீட்டை எடுத்து, "இதையும் படி, கண்ணு" என்றார். விதைக்கடலைக்கு வாங்கிய கடனும் வட்டியும் அதில் இருந்தன. அவள் படித்தாள். அறுவடையாகும் கடலையில் எவ்வளவு மண்டிக்குப் போகும், எவ்வளவு வீட்டில் நிற்கும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். தன்னைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றித் தந்தை என்ன எண்ணுகிறார் என்பதை அப்போதுதான் அவளால் கேட்க முடிந்தது.

அந்தத் தந்தையைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அவர் மனத்தில் ஓடிய கணக்கையும் நாம் கூட்டிப் பார்ப்பதே முறை. பள்ளிக்கு இரண்டு மைல் வரப்பு வழி. ஆள் நடமாட்டம் இல்லாத காடு. பள்ளியில் பெண்களுக்கெனக் கழிப்பிடம் இல்லை. வழியில் எவனாவது ஏதேனும் சொல்லிவிட்டால், அவனைக் கேட்பார் இல்லை. பெண்ணைத்தான் ஊர் பேசும். வீட்டிலோ களை எடுக்கவும் ஆடு மேய்க்கவும் கை வேண்டும். களைக்குக் கூலி ஆள் வைத்தால் அதற்கும் காசு வேண்டும். மாமன் வீடு கேட்கும்போது மறுத்தால், செய்த சீரெல்லாம் மனக்கசப்பில் முடியும். காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் திறந்தன. 1956-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியது. அவற்றால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளி வாயிலை மிதித்தார்கள். ஆனால் பருவம் எய்திய பெண் நடந்து செல்ல வேண்டிய அந்த இரண்டு மைலைக் குறைக்க அப்போது எந்தத் திட்டமும் இல்லை.

"முழுப் பரீட்சை வரை போகட்டும்," என்றார் தந்தை. தாய் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அவளும் 14 வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள்.

அவள் சேலையை முழங்காலுக்கு மேல் ஏறாமல் பற்றிக்கொண்டு மீண்டும் வரப்பில் நடந்தாள். பழைய தோழர்களான பையன்கள் அவளோடு பேசக் கூசினார்கள். திங்கள்தோறும் மூன்று நான்கு நாள் அவள் வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்ற குறி விழுந்தது. பழந்துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்தவும் வெட்கப்பட்டு, கூரைக்குள் மறைத்து உலர்த்திய காலம் அது. ஆயினும் எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதினாள். கணக்கில் அவளே முதல். ஒன்பதாம் வகுப்பில் அவள் சேரவில்லை. மறு வைகாசியில் மாமன் மகனுக்கு அவளை மணம் செய்துகொடுத்தார்கள்.

கற்பனைப் பெண்ணாயிற்றே, அவளை மேலே படிக்க வைத்து ஆசிரியை ஆக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதுகோலுக்கு அஃது எளிது. ஆனால் 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இந்திய நாட்டில் பெண்கள் 100 பேருள் எழுத்தறிந்தவர் ஏறத்தாழ 15 பேரே. அவளை ஆசிரியை ஆக்கினால், மற்றவர்களை மறந்ததாகும்.

வென்றவர்களும் உண்டு. மதுரைப் பக்கத்து அய்யன்கோட்டையில், நிலமற்ற ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் 1926-இல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். தந்தையை இளமையிலேயே இழந்தார். தாய் வயலில் உழைத்துப் பிள்ளைகளைக் காத்தார். கிருஷ்ணம்மாள் மதுரையில் தங்கிப் பயின்று பட்டமும் பெற்றார். காந்தியடிகள் வழியில் நின்று, 1950-இல் சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனை மணந்தார். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் தீயில் மாண்டபின், கணவரும் மனைவியும் தஞ்சைப் பகுதிக்குச் சென்று தொண்டாற்றினர். 1981-இல் 'லாப்டி' என்னும் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை நிலமற்றோர்க்குப் பெற்றுத் தந்தனர். அந்நிலங்களைப் பெண்களின் பெயரில் பதிவு செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். வாழ்நாள் முழுதும் களை எடுத்தவளுக்கு, களை எடுத்த மண்ணில் ஒரு சாண் உரிமையேனும் வேண்டாமா? தாய் வயலில் கூலிக்குக் குனிந்ததைக் கண்ட மகளுக்கு அஃது எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் மேட்டாங்காட்டுப் பெண்ணுக்கு அவ்வுரிமை எட்டவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குத் தந்தையின் தனிச்சொத்தில் பங்கு கொடுத்தது. வழிவழி வந்த கூட்டுக் குடும்ப நிலத்தில் பிறப்புரிமை மகனுக்கே நின்றது. தமிழ்நாடு 1989-இல் அதைத் திருத்தி மகளுக்கும் சம உரிமை அளித்தது. ஆனால் அவ்வாண்டு மார்ச்சு 25-க்கு முன்னர் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. அவளோ அதற்கு ஏறத்தாழ 28 ஆண்டு முன்னரே மணமாகிப் போனவள். நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தபோது, அந்த இரண்டு ஏக்கரைத் தம்பியர் இருவரும் பிரித்துக்கொண்டு நெடுநாள் ஆகியிருந்தது.

அவளுடைய மகளும் பேத்தியும் வளர்ந்த ஆண்டுகளில் சுற்றிலும் பல மாறின. 1978-இல் பெண்ணின் மண வயது 18 ஆயிற்று. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. பெண்ணாய்ப் பிறப்பதையே சுமையாக எண்ணிய கொடுமையும் இவ்வட்டாரத்தில் இருந்தது. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது என்பதை இங்கு மறைப்பதற்கில்லை. பின்னர் மேல்நிலை வகுப்பு மாணவியர்க்கு அரசு மிதிவண்டி வழங்கியபோது, தந்தையின் கணக்கில் அன்று தீராதிருந்த அந்த இரண்டு மைல் கால் மணிப் பொழுதில் கரைந்தது. கோவைப் பக்கத்து முருகானந்தம் என்பவர், தம் மனைவி மறைத்து வைத்த பழந்துணியைக் கண்டு வருந்தி, குறைந்த விலையில் விடாய்க்கால அணையாடை செய்யும் பொறியை உருவாக்கினார், ஊரார் நகைத்தனர், 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 18 வயது நிறையாத பெண்ணுக்கு மணம் பேசினால், 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வழியே அவளே சொல்லலாம். அவள் தோழியும் சொல்லலாம்.

மாறாதவையும் உள. கீற்றுக் குடிசை குறைந்து, திருமண மண்டபம் வந்தது. சிறுமியின் படத்தை ஆள் உயரத்தில் அச்சிட்டுச் சாலை முக்கில் நிறுத்துகிறார்கள். அப்பதாகையின் கீழாகவே அவள் மறுவாரம் பள்ளிக்குப் போக வேண்டும். ஊரறியச் சொல்லப்பட்ட அவள் செய்தியை வகுப்புப் பையன்கள் படித்துவிட்டு வருகிறார்கள். அவ்வளவு பெரிய பதாகையை வைக்குமுன் அவளை ஒரு சொல் கேட்டிருப்பார்களா என்பது எனக்கு ஐயமே.

அன்று மணையில் அசையாதிருந்த பெண்ணுக்கு இன்று வயது எண்பதை நெருங்குகிறது. அண்மையில் அவள் பேத்தியின் மகள் பெரியவள் ஆனாள். மண்டபம் எது, சமையலுக்கு யார், மாமன்மார் எத்தனை தட்டுக் கொண்டு வருவார்கள் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கிழவி கம்பை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து, சிறுமி இருந்த அறைக்குள் போனாள். உலக்கை எதுவும் குறுக்கே இல்லை; இருந்தாலும் தாண்டியிருப்பாள். கட்டிலில் அவளருகே உட்கார்ந்து, "பரீட்சை என்றைக்குக் கண்ணு?" என்று கேட்டாள்.

"வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது, அம்மாயி. வெள்ளிக்கிழமை கணக்கு."

கிழவி வெளியே வந்து, பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "சீரை லீவு விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்," என்றாள்.